கடைக்குப் பின்னால் அடுப்பு எரிகிறதா? காற்றுக்கு வழி விடுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம்மில் பலருடைய மளிகைக் கடைகளுக்கு இரண்டு முகம். முன்பக்கம் வழக்கமான பருப்பு, எண்ணெய், சர்க்கரை வியாபாரம். பின்பக்கம் முறுக்கு, மிக்சர், அதிரசம், காராச்சேவு. தீபாவளிப் பண்டு கட்டியவர்களுக்குப் பெட்டி போட்டுக் கொடுக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கம்பெனிகள், பள்ளிக்கூடங்களின் ஆர்டர் வேறு. வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டரை அழைத்து வந்து, கூடமாட நான்கு ஆட்களைப் போட்டு, பதினைந்து இருபது நாட்கள் இரவு பகலாக அடுப்பு எரியும். ஆண்டு முழுவதும் கிடைக்காத லாபம் அந்த இருபது நாட்களில் கிடைப்பதும் உண்டு.

வடகிழக்குப் பருவமழையும் சரியாக அதே நாட்களில்தான் வருகிறது. சாரல் அடித்தால் மாவு நனையும், முறுக்கு நமுத்துப் போகும். ஆகவே பின்கதவைச் சாத்துகிறோம், ஜன்னலுக்குச் சாக்குக் கட்டுகிறோம். இரவு பத்து மணிக்கு முன் ஷட்டரும் இறங்கிவிடுகிறது. உள்ளே ஐந்து பேர், ஒரு விறகடுப்பு, பக்கத்தில் ஒரு கரியடுப்பு. வேலை முடிந்ததும் ஆட்கள் அங்கேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். ஆண்டிலேயே அதிகம் சம்பாதிக்கும் நாட்கள்தான் நம் கடைக்குள் மூச்சு விடுவதற்கு மிக ஆபத்தான நாட்களும் என்பதை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

“இந்தக் காலத்தில் யாரய்யா விறகு எரிக்கிறார்கள்?” என்று கேட்பவர்கள் ஒரு முறை கடைவீதியின் பின் சந்தில் நடந்து பார்க்கட்டும். 19 கிலோ வணிக சிலிண்டரின் விலையைப் பார்த்துவிட்டு, பெரிய சட்டிக்கு விறகும் சின்ன வேலைக்கு கேஸும் என்று பிரித்துக்கொண்டவர்கள் நிறைய. பொரிகடலை, வேர்க்கடலை வறுப்பவர்களுக்கு மணல் சூடேற விறகுதான் கட்டுபடியாகிறது. டீக்கடை பாய்லரின் நடுக்குழாயில் இன்றும் பல ஊர்களில் கரிதான் போடுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு விறகடுப்புப் பக்குவம்தான் பெயர் என்று வாடிக்கையாளரே கேட்டு வாங்குகிறார். விறகை விட்டுவிடுங்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை வரவில்லை. விறகு எரிக்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

அடுப்பு எவ்வளவு காற்றைத் தின்கிறது?

ஒரு கிலோ காய்ந்த விறகு முழுமையாக எரிய ஏறக்குறைய 4 முதல் 5 கன மீட்டர் காற்று வேண்டும். ஒரு கிலோ அடுப்புக்கரிக்கு இதைப்போல் இரண்டு பங்கு, அதாவது 8 அல்லது 9 கன மீட்டர். இது கணக்குப்படி வேண்டிய குறைந்த அளவு. திறந்த அடுப்பு நடைமுறையில் இதற்கு இரண்டு மூன்று மடங்கு காற்று கிடைத்தால்தான் ஒழுங்காக எரியும்.

நம் கடைகளின் பின் அறை வழக்கமாகப் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,000 கன அடி, அதாவது சுமார் 28 கன மீட்டர். மணிக்கு 5 கிலோ விறகு எரிகிற பலகார அடுப்பு ஒன்று ஒரு மணி நேரத்தில் இந்த அறையின் காற்று முழுவதையும் கேட்கிறது. அதே அறையில் ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள், எண்ணெய்ச் சட்டி ஆவி விடுகிறது. காற்று போதாதபோது அடுப்பு உடனே அணைந்துவிட்டால் பரவாயில்லை. அது அணைவதில்லை, அரைகுறையாக எரிகிறது. அங்கேதான் வினை.

அரைகுறையாக எரியும் விறகிலிருந்து புகை வரும். கண் எரியும், இருமல் வரும், “கதவைத் திறடா தம்பி” என்று மாஸ்டரே சத்தம் போடுவார். புகை எச்சரிக்கை செய்துவிட்டுத்தான் கெடுக்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, கண்ணையும் உறுத்தாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், உடம்புக்கு மட்டும் காற்று போய்ச் சேராது.

கரியில் புகை இல்லை, ஆகவே கரி நல்லது என்று ஓர் எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது தலைகீழான எண்ணம். டீக்கடைக்காரர்கள் பார்த்திருப்பார்கள்: கரி நன்றாகப் பிடித்ததும் தணலுக்கு மேல் நீல நிறத்தில் ஒரு மெல்லிய சுவாலை ஆடும். தணலின் அடியில் உண்டாகும் கரியமில வாயு, மேலே உள்ள சூடான கரியின் ஊடே வரும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அது மேலே வந்து காற்றோடு சேர்ந்து எரிவதுதான் அந்த நீலச் சுவாலை. சுவாலை ஆடும்வரை வாயுவின் பெரும்பகுதி எரிந்துபோகிறது. தணல் தளர்ந்து, மேலே நீறு பூத்து, “அடுப்பு அடங்கிவிட்டது” என்று நாம் நினைக்கும் நேரத்தில் சுவாலை இருக்காது, வாயு மட்டும் எரியாமல் அறைக்குள் வந்துகொண்டிருக்கும். ஆட்கள் படுக்கப் போவதும் அந்த நேரத்தில்தான்.

எவ்வளவு வாயு என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ கரியில் 800 கிராம் கார்பன் என்று வைப்போம். அதில் இருபதில் ஒரு பங்கு மட்டும், அதாவது 40 கிராம், அரைகுறையாக எரிந்தாலும் ஏறக்குறைய 80 லிட்டர் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். மேலே சொன்ன அறையில் மொத்தக் காற்று 28,000 லிட்டர். பத்து லட்சம் பங்கு காற்றில் 3,000 பங்கு அளவில் விஷம் சேர்ந்துவிடும். பாதி வாயு சந்து பொந்துகள் வழியே போய்விட்டது என்றாலும் 1,500 மிச்சம் இருக்கிறது. 1,600 பங்கு அளவு இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடக்கூடும் என்பது மருத்துவ உலகம் அறிந்த கணக்கு. நமக்கு வேண்டியது ஒரு கிலோ கரி, ஒரு மூடிய ஷட்டர், ஒரு ராத்திரி. அவ்வளவுதான்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி பலமுறை பத்திரிகைகளில் வந்திருக்கிறது. சமவெளியில் யாரும் குளிருக்குக் கரிச்சட்டி வைப்பதில்லை, உண்மைதான். ஆனால் அடங்காத கரியடுப்பு இருக்கும் அறையில் சாக்கை விரித்துப் படுப்பவருக்கும் அந்தக் கரிச்சட்டிக்காரருக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. பரணில் ஏறிப் படுக்கும் பையனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சூடான வாயு முதலில் மேலேதான் போய்த் தேங்கும். மின்வெட்டுக்காகப் பின்நடையில் ஜெனரேட்டர் ஓட்டுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அதன் புகைக்குழாயிலிருந்து வருவதிலும் இதே வாயு இருக்கிறது.

அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை. தலைவலி, குமட்டல், கிறக்கம், கால் துவளுதல். நம் ஆட்கள் “இரவு முழுக்க அடுப்படியில் நின்றது, பித்தம்” என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுப்பார்கள். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது பித்தம் அல்ல. உடனே எல்லாரையும் வெளியே திறந்த வெளிக்குக் கொண்டு வரவேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும், மருத்துவரிடம் “மூடிய அறையில் கரி எரிந்தது” என்று முதலிலேயே சொல்லவேண்டும். அங்கே கொடுக்கும் பிராணவாயுதான் மருந்து.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2020, 2021 கொரோனா காலத்தில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்மில் பலர் வாங்கி வைத்தோம். கரி வாயு தாக்கியவரின் விரலில் அதை மாட்டினால் 97, 98 என்று நல்ல எண்ணாகவே காட்டும். பிராணவாயு ஏறிய ரத்தத்தையும் இந்த விஷவாயு ஏறிய ரத்தத்தையும் பிரித்துப் பார்க்க அந்தச் சாதாரணக் கருவிக்குத் தெரியாது. எண்ணைப் பார்த்து ஆளைத் திரும்பவும் படுக்க வைத்துவிடாதீர்கள்.

ஃபேன் மாட்டினால் போதுமா?

“கூண்டு வைத்தாச்சு, எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டியாச்சு. இன்னும் சுவரிலே ஓட்டை எதுக்கு அண்ணாச்சி? எலிதான் வரும்” என்பார் கொத்தனார். அவர் சொல்வது நியாயமாகத்தான் படும். புகை வெளியேற வழி செய்துவிட்டோம், வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உள்ளே காற்று வர வழி இல்லாத அறையிலிருந்து வெளியேயும் காற்று போகாது. ஒரு சோடாப் பாட்டிலை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் உதடுதான் வலிக்கும்.

புகைபோக்கி ஒன்றும் மந்திரத்தால் இழுப்பதில்லை. குழாயின் உள்ளே இருக்கும் சூடான காற்று லேசானது, வெளியே இருக்கும் காற்று கனமானது. அந்த எடை வித்தியாசம்தான் இழுவிசை. பத்தடி உயரக் குழாயில் 150 டிகிரி சூட்டில் புகை போகும்போது அதன் இழுவிசை எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடை அளவுதான். அவ்வளவு பலவீனமான இழுப்பு அது. அதே அறைச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவு ஜன்னலை எல்லாம் சாத்தினால் என்ன ஆகும்? ஃபேன் காற்றுக்கு அலையும். கிடைக்கிற ஒரே வழி புகைபோக்கி. மேலிருந்து கீழாகக் காற்றை இழுத்து, அதோடு புகையையும் வாயுவையும் அறைக்குள் கொட்டும். புகையை வெளியேற்ற வாங்கிய ஃபேனே புகையை உள்ளே கொண்டு வருகிறது.

குளிர்ப் பிரதேசங்களில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் விறகு, நிலக்கரி அடுப்பு உள்ள வீடுகளில், அடுப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரியதாக இருந்தாலோ வீடு காற்றுப் புகாமல் கட்டப்பட்டிருந்தாலோ, மூட முடியாத காற்றுத் துவாரம் ஒன்று நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று கட்டிட விதி சொல்கிறது. அடுப்பின் அளவு கூடக்கூடத் துவாரத்தின் அளவும் கூடவேண்டும். புதிதாக அப்படிப்பட்ட அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம் என்று 2010-இல் சேர்த்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு சுவரில் ஓட்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து வைத்துப் பழகிய நாம் மழைக்காக அதைச் சாத்துகிறோம்.

நம் அறைக்கு எவ்வளவு துவாரம் வேண்டும்? 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று சிரமமில்லாமல் உள்ளே வர 3 சதுர அடி திறப்பு வேண்டும். அதாவது ஒன்றரை அடிக்கு இரண்டடி. இதில் கம்பி வலை அடைக்கும் இடம் சேராது. வலை போடுவதாக இருந்தால் துவாரத்தை இன்னும் பாதி பெரிதாக வையுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். ஃபேனும் கூண்டும் ஒரு சுவரில் இருந்தால் துவாரம் எதிர்ச் சுவரில், தரையிலிருந்து ஓரடி ஒன்றரை அடி உயரத்தில் இருக்கவேண்டும். நல்ல காற்று முதலில் மாஸ்டரின் முதுகைத் தொட்டு, பிறகு அடுப்புக்குப் போய், மேலே கூண்டு வழியாக வெளியேற வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்தால், ஜன்னல் காற்று நேராக ஃபேனுக்குப் போய்விடும், அடுப்படி அப்படியே வேகும். இந்தத் தப்பான அமைப்பைத்தான் கடைக்குக் கடை பார்க்கிறோம்.

எலி, திருடன், சாரல் மூன்றும் நம் நியாயமான கவலைகள். அரிசி மூட்டை வைத்திருக்கும் கடையில் கீழே துவாரம் வை என்றால் யாருக்கும் மனம் வராது. கால் அங்குலக் கண் உள்ள கனமான கம்பி வலையைச் சட்டம் போட்டு அடித்தால் சுண்டெலிகூட வராது. உள்பக்கம் அரை அங்குலக் கம்பியில் கிரில். வெளிப்பக்கம் சாரலுக்குத் தகரத்தில் சாய்வாக ஒரு மறைப்பு, கீழ்ப்பக்கம் முழுக்கத் திறந்தபடி. கொசுவலை மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் சேர்ந்து ஒரே மாதத்தில் அது துணி மாதிரி அடைத்துக்கொள்ளும். கம்பி வலையையும் வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவவேண்டும். இழுத்துச் சாத்தும் கதவு எதுவும் அந்தத் துவாரத்துக்கு இருக்கக்கூடாது. சாத்த முடியும் என்றால் மழை வந்த அன்றைக்கு யாராவது சாத்திவிடுவார்கள்.

முன்பக்கத்தைக் கண்ணாடிக் கதவு போட்டு ஏ.சி. செய்து சூப்பர் மார்க்கெட் ஆக்கியவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. பின்னறை அடுப்புக்கு முன்னால் இருந்தும் காற்று வராது.

இன்னொரு வகைக் கடையும் இருக்கிறது. வரிசைக் காம்ப்ளெக்ஸில் மூன்று பக்கமும் பொதுச் சுவர், முன்னால் மட்டும் ஷட்டர். அல்லது தரைக்குக் கீழே உள்ள கிடங்கு. இவற்றில் விறகடுப்போ கரியடுப்போ வைக்கக்கூடாது என்பதே என் தீர்மானமான கருத்து. எத்தனை ஃபேன் மாட்டினாலும் எதிர்க் காற்றுக்கு வழி கிடையாது. பலகாரத்தை வேறு இடத்தில் போட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

கூண்டும் குழாயும்

கூண்டு சட்டியைவிடப் பெரியதாக இருக்கவேண்டும். மூன்றடிச் சட்டிக்கு நான்கடிக் கூண்டு, ஒவ்வொரு பக்கமும் அரையடி வெளியே நீண்டிருக்க வேண்டும். அதன் கீழ் விளிம்பு நிற்பவர் தலையில் இடிக்காத உயரத்தில், ஆறரை அடிக்குள் இருக்கட்டும். தட்டுகிறதே என்று எட்டடிக்குத் தூக்கிவிட்டால் புகை கூண்டுக்குள் போகாமல் பக்கவாட்டில் வழிந்து அறையைச் சுற்றும்.

திறந்த அடுப்பின் மேல் தொங்கும் கூண்டுக்குக் குழாயின் குறுக்களவு ஓர் அடிக்குக் குறையக்கூடாது. ஆறு அங்குலக் குழாயை மாட்டிவிட்டு “இழுக்க மாட்டேன் என்கிறது” என்று குறை சொல்வதில் பயனில்லை. அதைவிட நல்ல வழி, சட்டி பொருத்தமாக உட்காரும்படி செங்கல்லும் களிமண்ணும் வைத்து மூடிய அடுப்பாகக் கட்டி, பின்புறத்திலிருந்து நேராகக் குழாய் எடுப்பது. அதற்கு ஆறு அங்குலக் குழாய் போதும். விறகும் குறைவாகச் செலவாகும், மாஸ்டரின் முகத்தில் அனலும் அடிக்காது. நான்கு நாள் வேலை, ஆனால் பல வருடம் பேசும்.

குழாய் நேராக மேலே போகட்டும். திருப்பம் தவிர்க்க முடியாவிட்டால் சாய்வாகத் திருப்புங்கள், படுக்கைவாட்டில் ஓடவிட வேண்டாம். கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது உயர வேண்டும். பக்கத்து மாடிச் சுவர் உயரமாக இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளவேண்டும். கம்பம், தென்காசி, பல்லடம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஆடிக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகட்டுக்குக் கீழே நிற்கும் குழாயில் அந்தக் காற்று புகுந்து புகையைக் கீழே அழுத்தும். மேலே வைக்கும் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஓரடி இடைவெளி இருக்கட்டும். மலிவாக இருக்கிறது என்று தண்ணீர்க் குழாயான பி.வி.சி.யை புகைபோக்கியாக வைத்திருப்பதையும் பார்க்க நேர்கிறது. அது சூட்டில் இளகித் தொய்ந்துவிடும். ஜி.ஐ. தகடுதான் சரி.

கீற்றுக் கூரையின் கீழ் அடுப்பே வேண்டாம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் சமையல் இடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டதை இந்த மாநிலம் மறக்காது. ஓட்டுக் கூரை, தகரக் கூரை என்றாலும் குழாயைச் சுற்றியுள்ள மரச்சட்டம், ரீப்பர், ஒயர் எல்லாம் ஒரு சாண் தள்ளி இருக்கவேண்டும்.

குழாய் வைத்ததோடு வேலை முடிவதில்லை என்பதற்கு ஒரு பழைய கதை. புகையில்லா அடுப்பு நம் நாட்டுக்குப் புதிது அல்ல. 1950-களிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் புகைபோக்கியோடு கூடிய வீட்டு அடுப்பை வடிவமைத்தார். பிறகு மத்திய அரசே 1983-இல் மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்திக் கோடிக்கணக்கில் அடுப்புகளை அமைத்துக் கொடுத்தது. அவற்றில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் பயனற்றுப் போனதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது பராமரிப்பு இல்லாமை. குழாயில் கரி அடைத்தது, தட்டிவிட ஆளில்லை. அடுப்பை உடைத்துப் பழையபடி மூன்று கல்லுக்குத் திரும்பிவிட்டார்கள். நாம் வியாபாரிகள், தினமும் எரிப்பவர்கள். மாதம் ஒரு முறை குழாயைத் தட்டி ஒட்டடையும் கரியும் எடுக்க வேண்டும். சீசனில் வாரம் ஒரு முறை. அடியில் ஒரு சின்ன மூடி வைத்துக் கட்டினால் இது அரைமணி நேர வேலை. கருப்புத் தார் போல ஒட்டியிருப்பது தானே தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விறகைப் பற்றி இரண்டு வார்த்தை. வெட்டிய பச்சை விறகின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே அடுப்பின் சூடு செலவாகும், மீதி புகையாகும். சவுக்கோ வேலிக்கருவையோ, சித்திரை வைகாசியில் வாங்கிப் பிளந்து, மழைக்கு முன் மூடிய இடத்தில் அடுக்கி வைப்பவருக்கு ஐப்பசியில் புகை குறையும், எடைக்குத் தண்ணீரை வாங்கும் நஷ்டமும் இல்லை. முந்திரி ஓட்டை எரிப்பவர்களுக்கு அதன் எண்ணெய்ப் புகை தொண்டையை அறுக்கும் என்பது தெரியும். அது திறந்த அடுப்புக்கு ஆகாது. மரத்தூள் அடுப்பு கமுக்கமாகக் கனிவதாலேயே கரியைப் போல வாயு விடும்.

சரக்கும் சட்டமும்

ஆள் நலத்தைத் தவிர்த்துப் பார்த்தாலும் புகை நமக்கு நேரடி நஷ்டம். தேயிலைத் தூளும் காப்பித் தூளும் மணத்தை இழுத்துக்கொள்ளும் சரக்குகள். திறந்த மூட்டையில் புகை வாடை ஏறிய டீத்தூளை எந்த ஊர் டீக்கடைக்காரரும் அடுத்த முறை வாங்கமாட்டார். அப்பளம், ரவை, அரிசி மாவு எல்லாம் அப்படித்தான். கிடங்கும் அடுப்படியும் ஒரே அறையாக இருப்பதைத் தடுத்து, நடுவே கதவோடு ஒரு சுவர் எழுப்பினால் அந்தச் செலவு சரக்கிலேயே திரும்பும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே காற்றோட்டமும் தீத்தடுப்பும் கடைக்காரரின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் பற்றிய 2011 ஒழுங்குமுறைகளின் நான்காவது அட்டவணை இன்னும் ஒரு படி போய், அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குக் காற்று வரக்கூடாது என்கிறது. புகையறைக் காற்று பேக்கிங் மேசைக்கு வருகிற அமைப்பு அந்த விதிக்கு எதிரானது. பாலிசி எடுக்கும்போது வெறும் மளிகைக் கடை என்று காட்டிவிட்டுப் பின்னால் விறகு எரிப்பவர்கள், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியோடு வழக்காடும் நிலை வரும். அடுப்பு இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள், பிரீமியம் சற்றுக் கூடினாலும்.

ஆட்களைப் பற்றி ஒரே விதிதான். அடுப்பு இருக்கும் அறையிலும், அதோடு கதவு வழியாகவோ பரண் வழியாகவோ சேர்ந்த அறையிலும் யாரும் படுக்கக்கூடாது. தணலை வாளியில் அள்ளி வெளியே கொண்டுபோய் தண்ணீர் விட்டு அணைத்த பிறகுதான் ஷட்டர் இறங்க வேண்டும். மூடி போட்டுக் காலைக்கு வைத்துக்கொள்வது மிச்சம் அல்ல. வெளியூர் மாஸ்டருக்குப் படுக்க ஒரு வாடகை அறை எடுத்துக்கொடுப்பது இருபது நாள் செலவுதான். இதற்கு மேல் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டினால் நல்லது. கேஸ் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. கடையில் கேட்கும்போது பெயரைச் சொல்லியே கேட்டு வாங்குங்கள். ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

அமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சினியர் வேண்டாம், நம் கடையில் விற்கும் ஊதுபத்தி போதும். அடுப்பை மூட்டிக் கால்மணி நேரம் கழித்து, பத்தியைக் காற்றுத் துவாரத்தின் அருகே பிடித்தால் புகை அறைக்குள் சாய வேண்டும். கூண்டின் விளிம்பைச் சுற்றி நான்கு பக்கமும் பிடித்தால் புகை கூண்டுக்குள் ஏற வேண்டும். ஓர் இடத்திலாவது வெளியே திரும்பினால் துவாரம் போதவில்லை, அல்லது குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வேறொரு ஃபேன் எதிராக இழுக்கிறது. சோதனையை வெயில் நாளில் எல்லாக் கதவையும் திறந்து வைத்துச் செய்யவேண்டாம். பின்கதவைச் சாத்தி, ஷட்டரை இறக்கி, அத்தனை ஃபேனையும் ஓடவிட்டு, மழை இரவில் அந்த அறை எப்படி இருக்குமோ அப்படியே வைத்துச் செய்ய வேண்டும். புரட்டாசியிலேயே செய்து பார்த்துவிட்டால் கொத்தனாரைக் கூப்பிட நேரம் இருக்கும்.